பூதனைக்கு எடுத்த அச்சு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து, பன்னிரண்டு வாக்கில் இருக்கும். திருநெல்வேலி டவுணில், தெற்கு ரத வீதியில், நாடகக்காரர்களுக்குப் பொய்முகம் செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தேன். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து உடுத்த வேட்டியோடு வந்தவன் நான். எழுத்துக்கூட்டி வாசிக்கவே தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் பழகினேன். ஆனால் மதுரை நாடகக் கம்பெனிக்காரர்கள்கூட என்னைத் தேடித்தான் வருவார்கள். காரணம், என் மண்.

களிமண் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கிறார்கள். ஆற்றங்கரை மண்ணில் பொடி மணல் கலந்திருக்கும், காயும்போது வெடித்துவிடும். நான் கோடையில் குளம் வற்றியதும் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடியில் இருப்பதை எடுப்பேன். ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்ப்பேன். பல்லில் நறநறத்தால் வேண்டாம். திரி போல உருட்டி விரலில் சுற்றினால் கீறல் விடக் கூடாது. பிறகு கரைத்து, துணியில் வடிகட்டி, மிதித்து, ஈரச் சாக்கில் மூடி வைப்பேன். அந்த மண்ணில் முகத்தை அழுத்தினால் புருவ மயிரைக்கூட எண்ணலாம். இதில் இன்றைக்கும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அப்போது டவுணில் கொட்டகை போட்டிருந்த ஒரு கம்பெனியில், பெண் வேஷம் கட்டும் ஒருவரிடம் ஊரே மயங்கிக் கிடந்தது. அவர் பூதனையாக நடிக்க வேண்டும். கண்ணனுக்குப் பால் கொடுக்க அழகியாக வந்து, சாகும்போது அரக்கியாக மாற வேண்டும். அரக்கியின் பொய்முகத்தை மேடையிலேயே சட்டென்று மாட்டினால் கச்சிதமாகப் பொருந்த வேண்டுமே! அதனால் அவர் முகத்திலேயே அச்சு எடுக்க என்னிடம் அனுப்பினார்கள்.

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வந்தார். துண்டை எடுத்ததும்தான் தெரிந்தது, கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு. மேடையில் அரிதாரம் அத்தனையையும் மறைத்திருந்தது. எண்ணெய் தடவி, மூச்சுக்கு நாணல் குழல் வைத்து, மண்ணை அப்பி அச்செடுத்தேன். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, இத மட்டும் யார் கண்ணுலயும் காட்டிராதீய. இந்த வேஷத்த வச்சுத்தான் எங்க வீட்ல அடுப்பு எரியுது."

"எங்கிட்டயா சொல்லுதீரு? நிம்மதியாப் போயிட்டு வாரும்" என்றேன்.

அச்சுக்குள் மண்ணை அடைத்து எடுத்தபோது அவர் முகம் அப்படியே வந்து நின்றது. அதன்மேல்தான் புளியங்கொட்டைப் பசையில் காகிதம் ஒட்டி அரக்கியைச் செய்ய வேண்டும். எனக்கோ அதை மூட மனசே வரவில்லை. ஒரு தழும்பு தப்பவில்லை!

சாயங்காலம் பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் இரண்டு மூன்று பேரோடு வந்தார். "மண்ணு மண்ணுன்னு பீத்துதீரே, அப்படி என்னத்தக் கண்டீரு வே?" என்று சீண்டினார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஈரத் துணியை உருவினேன். "கண்ணத் தொறந்து பாரும் வே!"

கூட வந்த ஒருவன் குனிந்து பார்த்தான். "ஏலே, இது நம்ம கொட்டகை ராணி மூஞ்சில்லா? பணியாரச் சட்டி மாதிரில்லா இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நாடகத்தன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் அழகியாக வந்து தாலாட்டுப் பாட்டெடுத்தார். பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏட்டி பூதனை, பணியாரம் சுட்டுக் கொண்டாந்தியா?" கொட்டகையே சிரித்தது. பாட்டு நின்றுபோனது, ஆர்மோனியம் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

அவர் கண்ணனின் தொட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பொய்முகத்தை எடுத்தார். சாகும் கட்டத்துக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. அதை மாட்டிக்கொண்டு, அரக்கி முகத்தோடேயே தாலாட்டை முழுவதும் பாடி முடித்தார். கொட்டகை அடங்கிப்போய், பிறகு கைதட்டியது. "பொய்முகம்னா இதுல்லா அண்ணாச்சி!" என்று யாரோ என் முதுகில் தட்டினார்கள்.

மறுநாள் காலை அவர் தங்கியிருந்த இடத்துக்குப் போனேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். தழும்புச் சேதி ஊரெல்லாம் பரவிவிட்டதால் பெண் வேஷத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன்; குனிந்து மூட்டைக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அவர்தான் பேசினார்.

"பொய்முகம் நல்லாப் பொருந்திச்சு அண்ணாச்சி. எங்கனயும் உறுத்தல."

அதற்குப் பிறகு எத்தனையோ பொய்முகம் செய்தேன், வீடு கட்டினேன், பேரும் வாங்கினேன். ஆனாலும் என் கைவேலையை யாராவது புகழும்போது, ஒரு மனுஷன் தன் முகத்தை ஒளிக்க வேண்டி வந்ததற்காக எனக்குக் கிடைத்த அந்தக் கைதட்டல்தான் காதில் விழுகிறது.