அட்டை நட்சத்திரமும் மாமாவின் நேர்த்தியும்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் தொங்கியே ஆக வேண்டுமென்று நான் பிடிவாதம் பிடித்தபோது எனக்கு எட்டு வயது. கொட்டகலைக் கடைகளில் பளபளத்த நட்சத்திரங்களை அம்மா ஏறிட்டும் பார்க்கவில்லை. "அட்டையில செஞ்சுக்கலாம்டி" என்று பேச்சை முடித்துவிட்டாள்.

கடையில் கேட்டு வாங்கிய சலவைச் சவர்க்காரப் பெட்டிகளை வெட்டினால் நட்சத்திரம் ரொட்டி அளவுக்குத்தான் வந்தது. அதைக் கட்டினால் கீழ் ரோட்டில் போகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? அழுதேன். அழுவதில் அப்போது நான் பெரிய கெட்டிக்காரி.

அம்மாவின் தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. அறைக்கு முன்னாலுள்ள இஸ்தோப்பில்தான் படுப்பார். மார்கழியில் அந்தச் சிமெந்துத் தரையில் கால் வைத்தால் குளிர் சுரீரென்று ஏறும். அதனால் எங்கள் டிவி வந்த பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, அதன் மேல்தான் பாய் போடுவார். என் கண் அந்த அட்டைக்குப் போனதை அவர் பார்த்துவிட்டார்.

"எடுத்துக்க பாப்பா. கிறிஸ்மஸ் வரைக்கும் குளிரத் தாங்கிக்கிட்டு தரையில படுக்கிறேன்னு மாதாவுக்கு நேந்திருக்கேன்" என்றார்.

கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் கோயில் படி ஏறுகிற மனிதர் அவர். எனக்குச் சந்தேகமே வரவில்லை. உடம்பெல்லாம் பெருமைதான் வந்தது.

அவரே நட்சத்திரத்தை வெட்டினார். அம்மா கோதுமை மாவில் பசை காய்ச்சினாள். லயத்துப் பிள்ளைகள் சேர்த்துக் கொடுத்த பால்மா பைகளைப் பிரித்து, உள்பக்க வெள்ளி வெளியே தெரியும்படி ஒட்டினோம். பனியில் ஊறிவிடாமல் பொலித்தீன் சுற்றி, உள்ளே ஒரு பல்பு வைத்து மாமா கூரையோரம் கட்டினார். கீழ் ரோட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். நன்றாகவே தெரிந்தது.

அப்புறம் நான் சும்மா இருந்திருக்கலாம். மாமாவின் நேர்த்திக்கடனை லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பக்கத்து வீட்டு அத்தை மாரியம்மனுக்கு விரதம் இருக்கிறவர். இதன் அருமை தெரிந்தவர். கருவாட்டுக் குழம்பு வைத்தால் மாமாவுக்கு ஒரு கிண்ணம் அனுப்புவது அவர் வழக்கம். அன்றோடு நிறுத்திவிட்டார். "நேத்தியில இருக்கிற மனுசனுக்கு கவுச்சி குடுக்கலாமா?" என்று என்னையே கேட்டார். கூடாது என்று நானும் சொல்லிவிட்டேன். குழம்பு மணக்கும்போதெல்லாம் மாமா என்னை ஒரு மாதிரி பார்ப்பார்.

கிறிஸ்மஸுக்குக் கொஞ்ச நாள் இருக்கையில் பனி கடுமையாக இறங்கியது. மாமாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. விளக்கு வைத்த கையோடு அம்மா தன் கம்பளியை எடுத்துவந்து அவர்மேல் போர்த்தினாள். நான் ஓடிப்போய் அதைப் பிடித்து இழுத்தேன்.

"குளிரத் தாங்குறேன்னு நேந்துட்டு கம்பளி போத்தினா மாதா கோவிச்சுக்க மாட்டாங்களா?"

அம்மா கையை ஓங்கினாள். மாமா குறுக்கே கையை நீட்டித் தடுத்தார்.

"பாப்பா சொல்றது சரிதான்க்கா. உள்ள கொண்டு போ" என்றார், இருமலுக்கு நடுவே சிரித்துக்கொண்டு.

அம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கம்பளியை என் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பக்தி போதாது என்று நினைத்துக்கொண்டேன். மாமாவின் நேர்த்தி முறியாமல் நான்தான் காப்பாற்றினேன் என்ற நிம்மதியில், அந்தக் கம்பளியையே இழுத்துப் போர்த்திக்கொண்டு அன்று நன்றாகத் தூங்கினேன்.