நாலு மூலை மஞ்சள்

யுத்தத்தால் சீமைக் காகிதம் கப்பலில் வருவது நின்றுபோயிருந்த சமயம். பூந்தமல்லிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் டிராயிங் மாஸ்டர் வேலை காலி. நீர்வண்ணப் படம் ஒன்று தீட்டி எடுத்துவரச் சொன்னார்கள். அதைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்களாம். எனக்கோ வேறு பிழைப்பு இல்லை.

சைனா பஜாரில் அலைந்து மூன்று தாள் வாங்கினேன்: வழவழப்பாக ஒன்று, நாட்டுக் கைக்காகிதம் ஒன்று, கடையில் கடைசியாக மிஞ்சிய சொரசொரப்பான சீமைத் தாள் ஒன்று. கரையான்சாவடி வீட்டில் இரண்டு நாள் அவற்றைத் தடவித் தடவிப் பார்த்தேன். நாக்கை வைத்தால் ஒட்டக்கூடாது, ஒட்டினால் அது தண்ணீர் குடிக்கும் காகிதம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மூன்றுமே ஒட்டியது போலவும் இருந்தது, ஒட்டாதது போலவும் இருந்தது. சோதித்துச் சோதித்தே இரண்டு தாளைப் பாழாக்கினேன். மிஞ்சிய சீமைத் தாளில் எது முன்பக்கம் என்று அரை நாள் குழம்பினேன்.

மறுநாள் காலை படத்தைக் கொடுக்க வேண்டும். மழை மூட்ட இருட்டில் மூலைகளைக் கவனிக்காமல் தாளைப் பலகையில் போட்டு நனைத்தேன். நாலு மூலையிலிருந்தும் மஞ்சள் கரைந்து உள்ளே ஓடியது. மனைவியைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"நல்ல காரியத்துக்குப் போற காயிதம். மஞ்சா வெக்காம அனுப்புவாங்களா?" என்றாள்.

அழித்துப் பார்த்தேன், இன்னும் பரவியது. நீல வானத்தோடு வரைய நினைத்த ஏரியை வேறு வழியில்லாமல் அந்த மஞ்சளையே வானமாக விட்டுச் சாயங்கால ஏரியாக்கினேன். வேலை கிடைத்தது. அந்த வானத்தைத்தான் தலைமை ஆசிரியர் வாய் ஓயாமல் புகழ்ந்தார். படத்தைத் தம் அறையில் ஜன்னலுக்கு எதிரே மாட்டினார். வேலை என் கைக்குக் கிடைத்ததா, அவள் மஞ்சளுக்கா என்று எனக்குப் புரியவே இல்லை.

ஒரு வருஷத்துக்குள் வெயில் பட்டு மஞ்சள் வெளுத்தது. வானம் வெறும் காகிதமாக நின்றது. தலைமை ஆசிரியர் என்னை அழைத்துக் காரணம் கேட்டார். மஞ்சள் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"காகிதம் சரியில்லை சார்" என்றேன்.

நான் சரியாகத் தேர்ந்தெடுத்தது அந்தக் காகிதம் ஒன்றைத்தான்.