திரை போட்ட கார்

என் மாமனாருக்கு ஐந்து பிள்ளைகள். ஆறாவது பிள்ளை அவருடைய கார். பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்து கையில் கொஞ்சம் காசு புரண்டபோது, மதுரையில் ஒரு வக்கீலிடம் வாங்கிய பழைய கறுப்பு வண்டி. அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் தெருவில் வேறு கார் கிடையாது. யாராவது அதன் மேல் சாய்ந்து நின்றால் மாமனாரின் முகம் சுண்டிப்போகும். வண்டியைக் குறை சொன்னால் அவரைக் குறை சொன்ன மாதிரி. வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், "உள்ள வெக்கையா இருக்கு மாமா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் வீட்டுப் பெண்கள் வெள்ளைத் துப்பட்டி போர்த்தாமல் வெளியே போக மாட்டோம். காருக்கும் அதே சட்டம்தான். பின் சீட்டைச் சுற்றிப் பச்சைத் துணியில் திரை தைத்துப் போட்டிருந்தார்கள். திரை இழுத்திருந்தால் உள்ளே பெண்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். வண்டியை நிறுத்தியதும் டிரைவர் இறங்கித் தள்ளிப்போய் முதுகைக் காட்டி நின்றுகொள்வார். நாங்கள் இறங்குவதை அவர் பார்க்கக் கூடாது, பார்த்ததும் இல்லை. இறங்குவதிலும் வரிசை உண்டு. முதலில் மாமியார், பிறகு வயதுக்குத் தக்கபடி மற்றவர்கள், கடைசியில் மருமகள்கள். பிள்ளைகளுக்கு அந்த வரிசையில் தனி இடம் ஏதும் இல்லை.

அந்தச் சித்திரையில் தாடிக்கொம்பு ரோட்டில் உறவுக்காரர் வீட்டில் ஒரு நிக்காஹ். சீர்த் தட்டுகளோடு நான் காலையிலேயே குதிரை வண்டியில் போய்விட்டேன். ஒன்றரை வயதான என் மகனை மாமியார் காரில் கூட்டிவருவதாக ஏற்பாடு. உச்சி வெயிலில் வந்து சேர்ந்தார்கள். நான் சமையல் பந்தலில் வெஞ்சனச் சாமான்களை எடுத்துக் கொடுக்கிற மும்முரத்தில் இருந்ததால், அவர்கள் வந்ததே எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் மாமியார் மடியில் பிள்ளை இல்லை.

"பிள்ளை எங்க மாமி?"

"காருல தூங்குறான். தூங்குற பிள்ளைய எழுப்பினா பயந்துக்கிரும். டிரைவர் இருக்காருல்ல, பாத்துக்குவாரு."

முகத்தில் வெயில் விழாமல் திரையை இழுத்துவிட்டு, புழுதி வராமல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, நாய் நெருங்காமல் கதவை அழுத்திச் சாத்திவிட்டு வந்திருக்கிறார். அத்தனையும் பாசத்தில் செய்ததுதான். துப்பட்டியைக்கூட எடுக்காமல் வாசலுக்கு ஓடினேன். டிரைவர் எட்டத்தில் ஒரு புளியமரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். திரை போட்டிருக்கிறதே, யாரோ பெண்கள் இன்னும் இறங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மரியாதையாகத் திரும்பியே பார்க்கவில்லை மனிதர்.

கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. பிள்ளை சீட்டிலிருந்து சரிந்து கீழே கிடந்தான். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. உடம்பு கொதித்தது. கூப்பிட்டேன், உலுக்கினேன், கண் திறக்கவில்லை. அள்ளிக்கொண்டு கிணற்றடித் தொட்டிக்கு ஓடினேன். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு உடம்பில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். பின்னால் ஓடிவந்த பெண்கள் பதறினார்கள்.

"ஏண்டி, கொதிக்கிற உடம்புல பச்சத்தண்ணிய ஊத்துற? சன்னி வந்துரும்டி!"

"வந்தா வரட்டும்! நின்னு வேடிக்கை பாக்காம விசிறுங்க!"

நான் போட்ட சத்தத்தில் ஆளுக்கொரு விசிறியோடு சுற்றி நின்றார்கள். ஊற்றினேன், ஊற்றிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. பிள்ளை ஒருமுறை விக்கினான். பிறகு வீலென்று அலறினான். அந்த அலறலைக் கேட்டு நான் அழுதுகொண்டே சிரித்தேன். உடனே காரின் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "தண்ணி ஊத்தினீங்களே, அதான் பிழைச்சான். இன்னும் செத்த நேரம் உள்ள கிடந்திருந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா" என்றார்.

இதோடு எல்லாருக்கும் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. "கல்யாண வீட்டுல எவளோ கண்ணு வச்சுட்டா" என்று மாமியார் தண்ணீர் ஓதி வாங்கிவந்து தெளித்தார். மாமனாரோ காரை விட்டுக்கொடுக்கவே இல்லை. "சீமை வண்டி. வீட்ட விட உள்ள குளுகுளுன்னு இருக்கும். பிள்ளைக்கு உள்காய்ச்சல் இருந்திருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் குடும்பத்தோடு ஆயக்குடிக்குப் புறப்பட வேண்டியிருந்தது. பிள்ளையைக் காரில் அனுப்ப முடியாது என்று நான் ஒரே பிடியாக நின்றேன். இவர்கள் நம்பாதவரை அவன் மறுபடியும் அந்தத் திரைக்குள் தூங்குவான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அடுத்த முறை நான் பக்கத்தில் இருப்பேனா?

"நேத்து வந்த மருமக சொல்லுதுன்னு வண்டிய விக்கச் சொல்றியா?" என்று மாமனார் மகனிடம் பாய்ந்தார். என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். நான்தான் கதவுக்குப் பின்னால் நின்று வாயைத் திறந்தேன்.

"விக்க வேணாம் மாமா. உள்ள குளுகுளுன்னு இருக்கும்னா, இன்னைக்கு மத்தியானத் தூக்கத்த அங்கனயே போடுங்களேன்."

மாமனார் ரோசக்காரர். "கொண்டா தலகாணிய!" என்று மாமியாரிடம் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். பிள்ளை கிடந்தது போலவே கண்ணாடியை ஏற்றி, திரையை இழுத்து, கதவைச் சாத்திக்கொண்டார். வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. வீடே ஜன்னலில் வந்து ஒட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரர் மட்டும் கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு வெளியே காவல் நின்றார்.

முதலில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கே கொஞ்சம் திக்கென்றிருந்தது. பிறகு வண்டி ஆடியது. திரை ஒரு பக்கம் இழுபட்டது. கதவு படாரென்று திறந்து மாமனார் வெளியே வந்து விழாத குறையாக நின்றார். ஜிப்பா உடம்போடு ஒட்டியிருந்தது. தொப்பியைக் காணோம். யாரோ நீட்டிய கூஜாவை வாங்கி மடமடவென்று குடித்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு துள்ளல். அவரோ யாரையும் பார்க்காமல் அந்தப் பின் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கதவத் தொறக்கத் தெரியும். அவன் என்ன செஞ்சிருப்பான்?" என்றார்.

அன்று சாயங்காலமே புதுச் சட்டம் வந்தது. வண்டி நின்றால் முதலில் இறங்குவது கைப்பிள்ளைகள்தான். தூங்கினாலும் சரி, விழித்திருந்தாலும் சரி. பெரியவர்கள் இறங்கியதும் டிரைவர் வந்து திரையை விலக்கி, நாலு கதவையும் திறந்து, சீட்டுக்கு அடியில்கூடப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பின்னால் இறங்குவதா என்று மாமியார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். ஆனாலும் இறங்கினார். நான் என் மகனை முதலில் தூக்கிக்கொண்டு இறங்கும்போது நடை கொஞ்சம் மிடுக்காகத்தான் இருக்கும். அதை மறைக்க நான் முயன்றதே இல்லை.

மறு வருடம் ஊருக்குள் ஒரு பெரிய கல்யாணம். வாசலில் வெளியூர்க் கார்கள் வரிசையாக நின்றன. எங்கள் பிள்ளைகள் இறங்கி, நாங்களும் இறங்கி உள்ளே போகும்போது மாமியார் நின்றுவிட்டார். பக்கத்தில் ஒரு கார், வெயிலில், திரை இழுத்தபடி நின்றது. அவர் அதை நோக்கி நடந்தார். அந்த வண்டி டிரைவர் ஓடிவந்தார்.

"உள்ள பொம்பளையாளுக இருக்காகம்மா."

"நானும் பொம்பளதான்ப்பு. கதவத் தொற."

ஆம்பிளைகளுக்கு எதிரே அதுவரை குரல் உயர்த்தாதவர். டிரைவர் தயங்கவே, தானே கதவை இழுத்துத் திறந்தார். உள்ளே பெண்கள் யாரும் இல்லை. ஒரு பெண் குழந்தை வேர்த்து ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தது. அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு, துப்பட்டி தோளில் சரிய, ஆண்கள் உட்கார்ந்திருந்த பந்தலின் நடுவிலேயே நடந்தார். "இது யாரு பிள்ளை?" என்று அவர் போட்ட சத்தத்தில் குழந்தை விழித்து அலறியது. ஓர் இளம்பெண் உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

"இப்பத்தான் தூங்குச்சு. எழுப்பிட்டீகளே மாமி!"

"அழட்டும்டி. அழுதாத்தான் உசுரோட இருக்குன்னு அர்த்தம்."

வாழ்க்கைப்பட்டு வந்து அத்தனை வருடங்களில், அன்றைக்குத்தான் என் மாமியாரை எனக்கு முதன்முதலாகப் பிடித்தது.