பார்சலின் வைராக்கியம்

பொருள் வாங்கும் செயலியைப் போனிலிருந்து நீக்கிவிட்டு நிமிர்ந்தான் பார்சல். முகத்தில் அப்படியொரு நிம்மதி. அறைத் தோழன் கண்டுகொள்ளவே இல்லை. போன வாரமும் இதே கட்டிலில் இதே வைராக்கியத்தைப் பார்த்தவன் அவன்.

விடுதியில் இவனுக்கு வைத்த பெயரே பார்சல்தான். கட்டிலடியில் ஒரு நாளும் மீட்டாத கிடார், கழுத்துத் தலையணை, காய் நறுக்கும் இயந்திரம். சமைக்கவே அனுமதியில்லாத விடுதியில் அது எதற்கு என்று கேட்டால், "ஆஃபர்ல இருந்துச்சுடா" என்பான். அதற்குமேல் விளக்கம் கிடையாது. பாடம் மண்டையில் ஏறாவிட்டால் வாங்குவான். ஏறிவிட்டால் அந்தச் சந்தோஷத்துக்கும் வாங்குவான். பெட்டியைக் கிழிக்கும்வரைதான் ஆசை.

ஒருமுறை பரீட்சைக் கட்டணத்தையே இப்படிக் கரைத்துவிட்டு அம்மாவிடம் வசமாக மாட்டிக்கொண்டான். அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இனிமே வாங்கமாட்டேன்னு சொல்லு, நான் நம்புறேன்" என்றாள். சொன்னான். அன்றிலிருந்து செயலியை நீக்குவதும், கை அரித்தால் "சும்மா பார்க்கத்தான்டா" என்று மறுபடி இறக்குவதுமே பிழைப்பாகிப்போனது.

அப்படிச் சும்மா பார்த்தபோதுதான் அந்த ஷூ கண்ணில் பட்டது. அவ்வளவுதான், ஆர்டர் போட்டான், செயலியை நீக்கினான், நல்ல பிள்ளையாகப் படிக்க உட்கார்ந்தான். புதிதாக இறக்கிய செயலி விடுதி முகவரியை விட்டுவிட்டுப் முன்பு எப்போதோ பதிந்திருந்த அம்மா வீட்டு முகவரியைப் பிடித்துக்கொண்டதை நம்மாள் கவனிக்கவில்லை.

அம்மா போன் செய்தாள். வீட்டுக்கு ஒரு பெட்டி வந்திருக்கிறது என்றதும் புத்தகத்தை மூடிவைத்தான். நம்புகிறேன் என்று சொன்னவளாயிற்றே, இப்போது என்ன சொல்லப்போகிறாளோ!

"டாக்டர் என்னை தினமும் நடக்கச் சொன்னார்னு லீவுல வந்தப்போ சொன்னேன். நீ போனை நோண்டிக்கிட்டே ம்ம் கொட்டினே. காதுலயே வாங்கலைன்னு நெனச்சேன்டா." பெட்டியைப் பிரித்து ஷூவைப் போட்டே பார்த்துவிட்டாளாம். "கொஞ்சம் பெருசா இருக்கு. பரவாயில்ல, முன்னாடி துணி வெச்சுப் போட்டுக்கிறேன்."

உண்மையில் அவன் காதில் வாங்கியிருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. "வேண்டாம்மா, சரியான சைஸா மாத்தித் தரேன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தான்.

செயலியை மீண்டும் இறக்கினான். மாற்றித் தரும்படி கேட்டான். எந்த அளவு என்றது செயலி. அம்மாவின் கால் என்ன அளவு? வரிசையாக நின்ற எண்களின்மேல் கட்டைவிரல் இப்படியும் அப்படியும் நகர்ந்தது, எதிலும் இறங்கவில்லை.