இரவல் கதிரைகள்

எங்க அம்மாவுக்கு வாசல்ல ஆள் நின்னா போதும், "வாங்க, உள்ள வாங்க"ன்னு வாய் தானா சொல்லிரும். மீட்டர் பார்க்க வர்ற ஆளுக்கும் வாங்க, விளக்குமாறு விக்க வர்றவனுக்கும் வாங்க. "எதுக்கும்மா ரோட்டுல போறவன் வர்றவனையெல்லாம் கூப்பிடுற?"ன்னு நான் கத்துவேன். "வான்னு சொல்றதுக்கு என்ன, காசா பணமா?"ன்னு கேட்டுட்டு தேத்தண்ணிக்குக் கேத்தலை வைக்கப் போயிரும்.

நான் கண்டி டவுன்ல ஒரு புடவைக் கடையில நின்னவ. பள்ளிக்கூடம் முடிச்ச கையோட போய் நின்னவ, காதோரம் நரை விழுற வரைக்கும் அங்கேயேதான் நின்னேன். நாடே பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசையில நின்ன காலம் முடிஞ்சும் எங்க கடைக்கு மட்டும் யாவாரம் திரும்பல. ஒருநாள் சாயங்காலம் முதலாளி எங்க எல்லாரையும் கூப்பிட்டாரு. யார் மூஞ்சியையும் பார்க்காம, தரையைப் பார்த்துக்கிட்டே, மாசக் கடைசியோட கடையை மூடுறோம்னு சொன்னாரு. எனக்கு அவர் மேல கோவம் வரல. அவருக்குப் பின்னால அடுக்கி இருந்த கூறைப் புடவைங்களைப் பார்த்துத்தான் அழுகை வந்துச்சு. இனிமே அதையெல்லாம் யாரு விரிச்சுக் காட்டுவாங்கன்னு ஒரு நெனைப்பு. பைத்தியக்காரி.

வீட்டுல நானும் அம்மாவும்தான். அப்பா எப்பவோ போய்ச் சேர்ந்துட்டாரு. பிலிமத்தலாவையில மெயின் ரோட்டுல இருந்து மேல ஏறுற ஒரு லேன்ல வாடகைக்கு ரெண்டு ரூம். அம்மாவுக்கு ரத்தத்துல சீனி ஏறுற வருத்தம். வலது கால்ல விரல்களை எடுத்துட்டாங்க, புண்ணுக்கு நாளும் மருந்து கட்டணும். நான் புடவைக்கு ஃபோல்ஸ் தைச்சுக் குடுத்ததுல சாப்பாட்டுப் பாடு எப்படியோ ஓடுச்சு. வாடகைக்கு என்ன பண்றது?

நாவலப்பிட்டியில இருந்து ஒரு ஏஜென்ட் அம்மா போன் பண்ணிக்கிட்டே இருந்தாங்க. குவைத்துல வீட்டு வேலை, ரெண்டு வருசம், நல்ல இடம், நாளைக்கே ஏறலாம். "அம்மாவை என்ன பண்றது?"ன்னு கேட்டேன். "தெல்தெனியப் பக்கம் நல்ல ஹோம் ஒன்னு இருக்கு தங்கச்சி, வயசாளிங்களை நல்லாப் பார்க்கிறாங்க, விட்டுட்டு வாங்க"ன்னு சொன்னாங்க. ஏதோ பைய வச்சுட்டு வாங்கங்கிற மாதிரி. நான் போனை வச்சுட்டேன். ஆனா நம்பரை அழிக்கல. அரசாங்க நிவாரணத்துக்கு எழுதிப் போட்டிருந்தேன். அது கிடைச்சா நான் போக வேண்டியதில்ல. கிடைக்கலைன்னா நான் குவைத்துக்கு, அம்மா ஹோமுக்கு. வேற வழி எங்களுக்கு இல்ல.

நிவாரணம்னா சும்மா தூக்கிக் குடுத்துருவாங்களா? வேலை தேடுறவளாவும் இருக்கணும். கண்டியில ஒரு ஆபீஸ்ல பேரைப் பதிஞ்சு, கூப்பிடுற நாளுக்கெல்லாம் போய் உட்காரணும். போகலைன்னா, இவளுக்கு வேலை செய்ய மனசில்லைன்னு ஆயிரும். அங்க இருந்த தம்பி நல்ல பையன். வயசைக் கேட்டான், சொன்னேன். பேனையைக் கீழ வச்சுட்டான். "எல்லா இடத்துலயும் முப்பத்தஞ்சுக்குள்ளதான் கேக்கிறாங்க அக்கா"ன்னு இழுத்தான். "வயசைக் கொறைக்கிற கோர்ஸ் ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க தம்பி, மொத ஆளா சேர்றேன்"னேன். சிரிச்சான். ஆனா கோர்ஸ் ஒன்னுல சேர்த்தும் விட்டுட்டான். தன்னம்பிக்கை வகுப்பாம். டை கட்டின ஒருத்தர் வந்து, கண்ணாடி முன்னால நின்னு எப்படிச் சிரிக்கிறதுன்னு சொல்லிக் குடுத்தாரு. இத்தனை வருசம் புடவைக் கடையில சிரிச்சே கால் வீங்கினவளுக்கு!

நான் அங்க சிரிச்சுப் பழகிக்கிட்டு இருந்த அதே நாள்தான், வீட்டு நிலைமை பார்க்க ஆள் வந்திருக்கு.

பஸ் பிடிச்சு, மேடு ஏறி, மூச்சு வாங்க வீட்டுக்கு வந்தா, அம்மா மொகத்துல அப்படி ஒரு களை. நல்ல சாரி கட்டியிருக்கு. "வந்துட்டுப் போனாங்க புள்ள. சிங்களப் பொண்ணு, தங்கமான புள்ள. அம்மே அம்மேன்னு என்னா மரியாதை! ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டா. தேத்தண்ணி நல்லாயிருக்குன்னா." எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சு. அப்பதான் ராத்தாவும் அவங்க மருமகளும் எங்க முன் ரூமுல இருந்து கதிரையைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்தாங்க.

ராத்தான்னா பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா. லேன்ல எல்லாருக்கும் அவங்க ராத்தாதான், வயசுல மூத்த எங்க அம்மாவுக்கும் ராத்தாதான். அவங்க வீட்டுல மெத்தை வச்ச மூணு கதிரை, கண்ணாடி போட்ட ஒரு சின்ன மேசை, தங்க விளிம்பு போட்ட கோப்பை எல்லாம் இருக்கு. எங்க லேன்ல அந்தக் கதிரைங்க ஏறாத வீடு கிடையாது. பொண்ணு பார்க்க வந்தாலும் சரி, வெளிநாட்டுல இருந்து சொந்தக்காரங்க வந்தாலும் சரி, ராத்தா வீட்டுக் கதிரை முன்னாலயே போய் உட்கார்ந்திருக்கும். வேலை முடிஞ்சதும் திரும்பி வந்துரும். அதை யாரும் ஒரு விசயமாவே நெனைக்கிறதில்ல. அரசாங்கத்துல இருந்து ஆள் வருதுன்னதும் அம்மா வேற என்ன செய்யும்? ராத்தாவுக்குக் குரல் குடுத்திருக்கு.

"அம்மா, அந்தப் பொண்ணு கதிரையைப் பத்தி ஏதாச்சும் கேட்டாளா?"

"கேட்டா. இதெல்லாம் உங்களதான்னு கேட்டா. ஆமான்னேன்."

"ஐயோ அம்மா! ஏன் ஆமான்ன?"

"பின்ன என்ன சொல்ல? உட்கார வச்ச கதிரையை இரவல்னு எந்த வாயால சொல்றது?"

நான் கத்தினேன். நல்லாவே கத்தினேன். அம்மா ஒன்னும் புரியாம என்னையே பார்த்துச்சு. ராத்தா கதிரையை வாசல்லயே வச்சுட்டு, "யா அல்லாஹ், எங்கட கதிரையாலயா இந்தக் கரைச்சல்?"னு நெஞ்சுல கை வச்சாங்க.

பயந்த மாதிரியே ஆச்சு. நிவாரணத்துக்குப் பேர் வந்தவங்கள்ல நாங்க இல்ல. போய்க் கேட்டப்ப, நிவாரண ஆபீஸ்ல இருந்த ஐயா அந்தப் பொண்ணு எடுத்துட்டுப் போன போட்டோவையே காட்டினாரு. எங்க முன் ரூமு. மெத்தைக் கதிரை, கண்ணாடி மேசை, தங்க விளிம்புக் கோப்பை. நடுவுல அம்மா, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி சிரிச்சுக்கிட்டு நிக்குது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அடக்க முடியல. சிரிச்சுக்கிட்டே இருந்தவ அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மேன்முறையீடு போடுங்க, திரும்பவும் ஆள் வருவாங்கன்னு சொல்லி அனுப்பினாரு.

மேன்முறையீடு போட ராத்தாதான் என் கூட வந்தாங்க. "அது எங்கட கதிரை. நான்தான் குடுத்தது. வேணும்னா என்ட வீட்டுல வந்து பாருங்க"ன்னு அந்த ஆபீஸ்ல எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னாங்க. இது அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு பஸ்ல வர்றப்ப என் கையைப் பிடிச்சுச் சொன்னாங்க. ஆனா லேன்ல எது மறைஞ்சிருக்கு? அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. அன்னைக்குச் சாயங்காலம் சோறு வேணாம்னு சொல்லிருச்சு. அதுக்குள்ள ஏஜென்ட் அம்மா பாஸ்போர்ட் கொப்பி கேட்டாங்க. அதையும் அனுப்பி வச்சேன்.

ரெண்டாவது தடவை வந்தது வயசான ஒரு ஐயா, தமிழ் ஆளு. நல்ல வெயில் நேரம், மேடு ஏறி வந்ததுல சட்டையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. நான் வீட்டுலதான் இருந்தேன். சாட்சி சொல்லணும்னு ராத்தாவும் வாசப்படிகிட்ட வந்து நின்னாங்க. கதிரை வேணாம்னு மட்டும்தான் நான் அம்மாகிட்ட சொல்லியிருந்தேன். வேற ஒன்னும் சொல்லல, சாமி சத்தியமா.

அம்மா தரையில பாயைப் போட்டு, காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்துச்சு. தலையை வாரல. வீட்டுல கட்டுற கிழிஞ்ச சாரி. அந்த ஐயா வாசல்ல நின்னு, "அம்மா"ன்னு கூப்பிட்டாரு. நான் அம்மா வாயையே பார்த்துக்கிட்டு இருந்தேன். வாங்கன்னு அது சொல்லல. அவர் கொஞ்ச நேரம் நின்னுட்டுத் தானாவே உள்ள வந்தாரு. அவர் நின்னது நின்னபடி. எனக்கே பொறுக்கல, தேத்தண்ணி வைப்போம்னு அடுப்படிப் பக்கம் திரும்பினேன். அம்மா என் பாவாடையைப் பிடிச்சு இழுத்து, "வேணாம்"னு சொல்லுச்சு. மெதுவாத்தான் சொல்லுச்சு. அந்த ஐயாவுக்குக் கேட்டிருக்கும்.

அவர் ஒன்னும் நெனைச்ச மாதிரி தெரியல. கொஞ்சம் தண்ணி மட்டும் கேட்டாரு. நான் கிளாஸை எடுக்கப் போனேன். அம்மா தண்ணி வாளிகிட்ட கிடந்த பிளாஸ்டிக் கோப்பையைக் காட்டி, "அதுல குடு"ன்னுச்சு. காது உடைஞ்ச கோப்பை அது. அதுலதான் குடிச்சாரு. குடிச்சுட்டுச் சுத்திப் பார்த்தாரு.

"உட்கார ஒரு கதிரை கூட இல்லையாம்மா?"

"எதுக்குங்க ஐயா கதிரை? எங்களைத் தேடி வர்றதுக்கு யாரு இருக்கா? ஒருத்தரும் வர்றதில்லைங்க."

நான் வாசலைப் பார்த்தேன். விடிஞ்சா அடைஞ்சா எங்க வீட்டுக்கு வர்ற ராத்தா, முக்காட்டை இழுத்துச் சரி பண்ணிக்கிட்டு, காலைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. சாட்சி சொல்ல வந்தவங்களை யாரும் ஒன்னும் கேக்கல. எப்ப போனாங்கன்னும் எனக்குத் தெரியல.

நிவாரணம் கிடைச்சுது. வாடகைக் கவலை தீர்ந்துச்சு, அம்மா தெல்தெனிய ஹோமுக்குப் போகல, நானும் எங்கயும் போகல. ஏஜென்ட் அம்மா நம்பரை அழிச்ச அன்னைக்கு அம்மா மடியில தலை வச்சுப் படுத்துக்கிட்டேன். என் தலையைத் தடவிக்கிட்டே, "திரும்பவும் பார்க்க வருவாங்களா புள்ள?"ன்னு கேட்டுச்சு. எப்ப வேணும்னாலும் வரலாம்னுதான் சொல்லியிருந்தாங்க. அதையே சொன்னேன். சொல்லாம விட்டிருக்கலாம்.

அதுக்குப் பிறகு அம்மா அந்தப் பாயைச் சுருட்டவே இல்ல. நல்ல சாரியை அலுமாரிக்கு அடியில வச்சுப் பூட்டிருச்சு. கட்டச் சொன்னா, "வேணாம், யாராச்சும் வந்துட்டா?"ங்கும். ராத்தாவோட மகன் புதுக் கதிரை வாங்கிப் போட்டான். பழைய மூணையும் நீங்களே வச்சுக்கங்கன்னு ராத்தா சொல்லிவிட்டாங்க, இரவலா இல்ல, சும்மாவே. அம்மா கையெடுத்துக் கும்பிட்டு வேணாம்னுருச்சு. ராத்தா அப்பவும் வந்தாங்க. பாயில உட்கார்ந்தா முட்டி நோவு, எந்திரிக்க முடியாது. அதனால வாசல்லயே நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போனாங்க. பிறகு அதுவும் கொறைஞ்சு போச்சு.

போன நோன்புல ஒரு சாயங்காலம். நான் உள்ள ஃபோல்ஸ் தைச்சுக்கிட்டு இருந்தேன். அம்மா பாயில சாய்ஞ்சிருந்துச்சு. யாரோ கதவைத் தட்டினாங்க. அம்மா யாருன்னு பார்க்கல. தலைமுடியைக் கலைச்சு விட்டுக்கிட்டு, மூடி வச்சிருந்த காலை வெளிய எடுத்து நீட்டிக்கிட்டு, "எங்ககிட்ட ஒன்னுமில்லைங்க"ன்னு சத்தமா சொல்லுச்சு.

நான் போய்க் கதவைத் திறந்தேன். நோன்புக் கஞ்சிச் சட்டியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு ராத்தா நின்னாங்க.