பிளக்ஸில் இருந்த பெரியப்பா

எதையும் கிழமையும் மணியும் போட்டு எழுதிவைக்கிற பழக்கம் எனக்கு ஏழாம் வகுப்பிலேயே உண்டு. அந்த நோட்டின் ஆடி மாதப் பக்கங்களில் நாளுக்கு இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. காலை எட்டேகாலுக்கு ஒன்று, மாலை நாலரைக்கு ஒன்று. இரண்டும் அரும்பாவூர் பஸ் ஸ்டாப் ஓரமாகக் கட்டியிருந்த என் பெரியப்பாவின் முகத்தைப் பற்றியவை.

பெரியப்பா ஆனி மாதம் இறந்தார். பதினாறாம் நாளுக்காகப் பெரம்பலூரில் அடித்து வந்த கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அது. அதில் அவர் போட்டே அறியாத வெள்ளைச் சட்டையில், இரண்டு கன்னமும் நிறைந்து சிரித்தார். கடைசி வருடம் அவரைப் பார்த்தவர்களுக்கு அது யாரோ. புகையிலைப் பாக்கை அடக்கிவைத்தே பழகிய இடது கன்னம் புண்ணாகி, புண் ஓட்டையாகி, முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டில் இருந்த எனக்கு அது தெரியும். அவர் மகனுக்கு, நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவனுக்கு, தெரியாது. அவன் பார்க்கக் கூடாது என்று பெரியப்பா அவனை எறையூரில் மாமா வீட்டில் விட்டுப் படிக்கவைத்திருந்தார். இறந்த அன்று அவன் வந்து சேர்ந்தபோது முகத்தை மூடிக் கட்டியாகிவிட்டது.

மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொன்னார்கள். பெரியப்பாவின் மகளான அக்காவுக்கு ஜெயங்கொண்டம் பக்கம் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். பெரியம்மா என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "யாரு கேட்டாலும் மஞ்சக்காமாலதான். அவன்கிட்ட மட்டும் வாயத் தொறந்துடாத" என்றார்.

அண்ணன் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேர்ந்தான். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அவன் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருப்பதைப் பார்த்தேன். கேட்டால், "மிட்டாய்டி. பெரிய போலீஸு, நோட்ட தூக்கிட்டு வந்துட்டா" என்பான். மிட்டாய்க்கு அந்த வாசனை கிடையாது. அது பெரியப்பாவின் வாசனை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஏழையும் எட்டையும் சேர்த்து உட்காரவைத்து டீச்சர் புத்தகத்தில் இல்லாத பாடம் ஒன்றை நடத்தினார். கடையில் தொங்கும் பாக்குச் சரமோ, டிவி விளம்பரமோ, சினிமாவில் ஹீரோ சிகரெட் பற்றவைப்பதோ, எந்தப் படத்தைப் பார்த்தாலும் நாலு கேள்வி கேட்க வேண்டும். செய்தது யார், யாருக்காக, எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது. "பாக்கு வெளம்பரத்துல சிரிக்கிறவரு பல்லப் பாத்தீங்கல்ல? நெசமா பாக்குப் போடுறவங்க பல்லு அப்படியா இருக்கு?" என்று கேட்டார். பிறகு, தெருவில் பார்க்கும் ஒரு படத்துக்கு நாலு பதில் எழுதி வரச் சொன்னார். மற்றவர்கள் சோப்பையும் சிமெண்டையும் எடுத்துக்கொண்டார்கள். நான் பெரியப்பாவை எடுத்துக்கொண்டேன்.

நாலாம் நாள்தான் மச்சம் கண்ணில் பட்டது. பெரியப்பாவுக்கு வலது கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு. பிளக்ஸில் இரண்டு கன்னத்திலும் இருந்தது. ஒரே அளவு, ஒரே இடம். அவர் தனியாக எடுத்துக்கொண்ட ஒரே படம், புண் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்காக எடுத்தது. அதில் நல்ல பாதியைத் திருப்பி மறுபாதியாக ஒட்டியிருந்தார்கள். அதைக் கண்டுபிடித்த பிறகு அந்த முகத்தை என்னால் ஒரே ஆளாகப் பார்க்க முடியவில்லை. ஒரு பாதி இரண்டு முறை சிரித்துக்கொண்டிருந்தது.

ஆடிக் காற்றில் கிழியாமல் இருக்க, பிளக்ஸ் கட்டுகிறவர்கள் பிளேடால் அங்கங்கே பிறை வடிவில் கீறிவிடுவது வழக்கம். ஒரு கீறல் சரியாக இடது கன்னத்தில் விழுந்திருந்தது. காற்றடித்தால் அது திறக்கும், மூடும். உள்ளே இருட்டு தெரியும். கட்டியவர் வெளியூர்க்காரர், பெரியப்பாவை அவர் பார்த்ததே இல்லை. தெரிந்து கீறியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. வியாழன் மாலைக் குறிப்பு இது: "காற்று இல்லை. ஆனாலும் திறந்திருந்தது."

அண்ணனிடம் சொல்லக் கூடாது என்பதுதான் உத்தரவு. வகுப்பில் வீட்டுப்பாடம் வாசிப்பது சொல்வதில் சேராது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். மறுநாள் எழுந்து வாசித்தேன். இரண்டு மச்சம் என்றதும் சிரித்தார்கள். "மறைப்பது: இடது கன்னத்து ஓட்டை, சுற்றியிருந்த துண்டு, ஓட்டை போட்ட பாக்கு" என்று முடித்தேன். டீச்சர் என்னிடமிருந்து நோட்டை வாங்கிக்கொள்ள வருவதற்குள் பின்பெஞ்சில் அண்ணன் எழுந்தான். கேட்காமலே வெளியே போனான்.

நான் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனபோது அவன் கிலோமீட்டர் கல்மேல் ஏறி, பிளக்ஸுக்கு நேராக நின்றிருந்தான்.

"எந்தப் பக்கம்டி நெசம்?"

காட்டினேன். கல்மேல் நின்றபடியே முகத்தைக் கிட்டே கொண்டுபோய் அந்தப் பாதியைப் பார்த்தான். அப்போது காற்று எழுந்து, மறுபாதியில் கீறல் வாய் பிளந்தது. அவன் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தி மூடினான். பெரம்பலூர் பஸ் வந்து நின்றது. "தம்பி, ஏறுறியா, இல்ல அவரோடயே நிக்கிறியா?" என்றார் கண்டக்டர். பஸ் போயிற்று. அவன் கையை எடுக்கவில்லை. கைக்கு அடியில் பெரியப்பாவின் கன்னம் உப்பியது, அடங்கியது, மறுபடி உப்பியது. மூச்சு விடுகிறது என்று ஓடத் தோன்றியது எனக்கு.

பிறகு அவன் கல்லிலிருந்து இறங்கி, எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, வாயில் இருந்ததையெல்லாம் துப்பினான். விரலை விட்டு வழித்து வழித்துத் துப்பினான்.

அதற்குப் பிறகும் இரண்டு முறை அவனிடம் அந்த வாசனை வந்தது, அப்புறம் வரவில்லை என்று நோட்டில் இருக்கிறது. ஆனால் அன்றைய குறிப்பு சிவப்பு மையில், அடிக்கோட்டோடு இருக்கிறது: "வெள்ளி, நாலு ஐம்பது. அண்ணன் துப்பிவிட்டான். பாடம் பலித்தது."

அழுகை தொண்டைக்கு வந்துவிட்டால் வாயில் எதையும் வைத்திருக்க முடியாது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. குலுங்கிய அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே மணியைக் குறித்துக்கொண்டிருந்தேன்.