திங்கட்கிழமை, சாமம்

"மார்கழி 16, திங்கட்கிழமை, சாமத்தில் பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். நட்சத்திரம் அத்தம். நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். சாதகம் எழுதுவதற்கு அது தேவைப்படும், அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன்."

பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்து கிழித்த ஒற்றையில் நீல மையால் எழுதப்பட்ட கடிதம். எழுதியவர் என் தங்கையின் கணவர். எழுதிய நாள் மார்கழி 21. வன்னியில் இடம்பெயர்ந்து ஒரு கொட்டிலில் இருந்தபடி எழுதி, கொழும்புக்குப் போன யாரிடமோ கொடுத்து, கடல் தாண்டி இந்த நகரின் பார்க்டேல் பகுதியில் நான் அப்போது இருந்த அடுக்குமாடிக்கு மாசி மாதம் வந்து சேர்ந்தது. வரும் கடிதங்களின் தலைப்பில் கிடைத்த திகதியைப் பென்சிலால் எழுதுவது என் வழக்கம். இதிலும் இருக்கிறது. ஆண்டை மட்டும் இங்கே எழுதாமல் விடுகிறேன். அந்தப் பிள்ளையை அடையாளம் காண அது போதும்.

போர் முடிந்த மாதத்தில் தங்கையின் கணவர் காணாமல் போனார். தங்கையும் பிள்ளையும் முகாமுக்குப் போய், பிறகு கொழும்புக்குப் போய், கடைசியில் என்னிடம் வந்தார்கள். பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கவில்லை. காலம் கடந்த பதிவுக்கும், இங்கே கூப்பிடும் விண்ணப்பத்துக்கும் என்னிடமிருந்த இந்த ஒற்றைத் தாள்தான் ஆதாரம். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். மார்கழி 16 திங்கட்கிழமை என்றால் ஆங்கிலத் திகதி என்ன என்று இரண்டு பஞ்சாங்கங்களில் பார்த்தேன். இரண்டும் டிசம்பர் 31 என்றன. அதை எழுதினேன். அந்தத் திகதி பிறகு அவளுடைய எல்லாக் கடதாசிகளிலும் ஏறியது. சுகாதார அட்டை, பள்ளிக்கூடப் பதிவு, குடியுரிமை, கடவுச்சீட்டு.

நகரின் ஓரத்தில், ரூஜில் நாங்கள் வாங்கிய வீட்டிலிருந்து ஐஸ் அரங்கம் பத்து நிமிடக் கார்ப் பயணம். பள்ளிக்கூடத்தால் ஒரு நாள் பிள்ளையை அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவள் அந்த இடத்தை விடவில்லை. இங்கே ஐஸ் ஹொக்கியில் பிள்ளைகளைப் பிறந்த ஆண்டால் பிரிப்பார்கள். ஜனவரி முதலாம் திகதி பிறந்தவளும் அதே ஆண்டு டிசம்பர் முப்பத்தொன்றில் பிறந்தவளும் ஒரே குழு. ஆகவே தங்கையின் மகள், என் மருமகள், எந்தக் குழுவில் சேர்ந்தாலும் அவளே கடைசிப் பிள்ளை, அவளே குள்ளம். ஓடுகிற பிள்ளைகள் இடித்து விழுத்துகிறார்கள் என்று பயிற்சியாளர் அவளைக் கோல் வலைக்கு முன்னால் நிறுத்தினார். அங்கேயே நின்றுவிட்டாள்.

அதிகாலைப் பயிற்சிகளுக்குக் கொண்டுபோய் விடுவது என் வேலை. தங்கை அந்த நேரத்தில் பேக்கரியில் நிற்பாள். கண்ணாடிக்கு வெளியே, கையில் கோப்பியுடன், நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதுவேன்: திகதி, எதிரணி, எத்தனை பந்தைத் தடுத்தாள். "மாமா, அது பந்து இல்லை, பக்" என்று நூறு தடவை திருத்தியிருப்பாள். தட்டையான கறுப்பு றப்பர் துண்டை எப்படிப் பந்து என்று சொல்வது என்பது அவளுடைய நியாயம். ஆனாலும் என் புத்தகத்தில் இன்றைக்கும் பந்துதான்.

அவள் அறைச் சுவரில் நட்சத்திர ஆட்டக்காரர்களின் படங்கள் இருந்தன. ஆணும் பெண்ணுமாக ஏழெட்டுப் பேர். ஒருவரும் கிளப் சட்டையில் இல்லை. எல்லோரும் நாட்டு அணியின் சிவப்புச் சட்டையில். இதைத் தங்கைதான் முதலில் கவனித்தாள். ஒரு பெப்ரவரியில் நாடுகள் மோதும் ஆட்டத்தை மூவரும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உவங்கள் போன கிழமை வரைக்கும் ஆளை ஆள் சுவரோடை சாத்திக்கொண்டு திரிஞ்சவங்கள். இண்டைக்கு ஒரே சட்டையோடை தோளிலை கை போட்டுக்கொண்டு நிக்கிறாங்கள்."

"அம்மா, கிளப் இஸ் லைக் ஜொப். இது வேறை."

"என்ன வேறை?"

"கிளப் உங்களை வாங்கலாம், விக்கலாம். கண்ட்ரி விக்க ஏலாது."

நாடு விற்க முடியாதது என்பதில் தங்கைக்கு வேறு அபிப்பிராயம் இருந்திருக்கலாம். தொலைக்காட்சியில் வர்ணனையாளர் ஒரு வெளிநாட்டு நட்சத்திரத்தைப் பற்றிச் சொன்னார். இங்கே பிறந்தவராம், தகப்பனின் நாட்டுக்கு விளையாடுகிறாராம்.

"அப்ப நான் இதுக்குச் சரிவராட்டி அப்பான்ரை நாட்டுக்கு விளையாடலாமா?" என்றாள் மருமகள்.

"அங்கை ஐஸ், ஜூஸுக்குள்ளைதான் இருக்கு" என்றேன். சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"அப்பான்ரை நாடு எது, மாமா?"

இந்தக் கேள்வி என் புத்தகத்தில் திகதியோடு இருக்கிறது.

சென்ற கோடையில் ஒரு போட்டியில் அவளைப் பார்த்த ஒருவர் தேசிய அணியின் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் தெரிவு முகாமுக்குப் பெயர் கொடுப்பதாகச் சொன்னார். முந்திய ஆண்டு அவளை ஒருவரும் கவனிக்கவில்லை. இந்த ஒரு வருடத்தில்தான் உயர்ந்தாள், கையும் காலும் நீண்டன. தங்கை கோயிலில் அர்ச்சனை செய்வித்தாள். மருமகள் சுவரில் ஒரு படத்தைக் கழற்றி இடம் விட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து அதே மனிதர் தொலைபேசியில் வருத்தத்தோடு பேசினார். பிறந்த திகதியைச் சரியாகப் பார்க்காமல் சொல்லிவிட்டாராம். நாடுகள் மோதும் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் போட்டிக்கு, அவள் பிறந்த டிசம்பருக்கு அடுத்து வந்த ஜனவரி முதலாம் திகதி அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள்தான் தகுதி. ஒரு நாள் மூப்பு. ஒரே ஒரு நாள் என்று அவரே இரண்டு தடவை சொன்னார். அவளுக்கு அடுத்த படி பெரியவர்களின் அணி. அங்கே சுவரில் படமாக இருக்கிறவர்கள் நிற்கிறார்கள்.

அன்று பின்னேரம் குசினியில் தங்கை கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். மருமகள் மேசையில் தலையை வைத்துக்கொண்டு இருந்தாள். தங்கை கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணை, அவர் கடிதத்திலை என்னெண்டு எழுதினவர்?"

"மார்கழி பதினாறு, திங்கள்."

"திங்கள் எத்தினை மணி?"

"சாமம்."

"சாமம் எண்டால் பன்னெண்டுக்குப் பிறகும் சாமம்தானே. இவள் பன்னெண்டு கழிச்சுப் பிறந்திருந்தால் இங்கத்தைக் கணக்கிலை செவ்வாயல்லோ?"

நான் கதிரையில் இருந்தேன். எங்கள் கணக்கில் நாள் சூரியன் உதிக்கும்போது தொடங்குகிறது. விடியும் வரை முந்திய நாள்தான். திங்கள் இரவு ஒரு மணிக்குப் பிறந்த பிள்ளையை எந்தத் தகப்பனும் திங்கட்கிழமைப் பிள்ளை என்றுதான் எழுதுவான். இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. இதைப் பற்றி இங்கே ஒரு கோயில் மலரில் மூன்று பக்கக் கட்டுரையே எழுதியிருக்கிறேன். இருந்தும் விண்ணப்பத்தைக் கையில் எடுத்த அன்று இரண்டு பஞ்சாங்கம் பார்த்தவன், 'சாமம்' என்ற சொல்லைப் பார்க்கவில்லை.

மருமகள் தலையை நிமிர்த்தினாள். "வெயிட். அப்ப நான் எப்பவும் சின்ன ஆளா இருந்தது... ஒரு வருஷம் மூத்த ஆக்களோடை, ரோங் குரூப்பிலை இருந்ததாலையா?"

"இருக்கலாம்."

"இருக்கலாமா, ஓமா?"

"தெரியேல்லை, பிள்ளை."

"ஓ மை கோட். மாமா, நீங்கள்தான் என்னைக் கோல் காக்கிற கோலி ஆக்கினது." சிரிக்கத் தொடங்கி, பாதியில் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.

தங்கை கேட்டதில் சுற்றிவளைப்பு இல்லை. திகதியைத் திருத்த ஒரு சத்தியக் கடதாசி வேண்டும். கடிதத்தைப் பெற்றவன் நான், விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். பிள்ளை பிறந்தது ஜனவரி முதலாம் திகதி என்று நான் கையெழுத்து வைத்தால் போதும். தெரிவு முகாமின் பட்டியலை மூடுவதற்கு முன், இரண்டு கிழமைக்குள் வைக்க வேண்டும்.

"உனக்கு என்ன ஞாபகம்?" என்று கேட்டேன்.

"எனக்கு ஷெல் சத்தம்தான் ஞாபகம். மணிக்கூடு அவரின்ரை கையிலை."

பிரசவம் பார்த்த தாதியைத் தேடினேன். ஆறு தொலைபேசி அழைப்புகளில் கிடைத்தார். இப்போது மில்லிக்கனில், மகனோடு இருக்கிறார். இவ்வளவு காலமும் எங்கள் வீட்டிலிருந்து கால் மணி நேரத் தூரத்தில் இருந்திருக்கிறார். நான் சொல்லச் சொல்ல "ஓம், ஓம்" என்றார்.

"அண்டைக்கு மூண்டு பிள்ளையள், தம்பி. உங்கடை தங்கச்சியின்ரை, அந்த மூண்டிலை ரண்டாவது. பக்கத்துக் கொட்டில்லை ரேடியோ போட்டுக் கிடந்தது. புதுவருஷ வாழ்த்துச் சொன்னவங்கள். ஆர் வாழுறதெண்டு நான் பேசினது ஞாபகமிருக்கு."

"வாழ்த்துச் சொல்லேக்கை பிள்ளை பிறந்திட்டுதோ, அக்கா?"

அவருக்குப் பின்னால் ஒரு தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

"பிள்ளை கையிலை இருந்தது. ஓம், கையிலை பிள்ளையோடைதான் பேசினனான். ஆனால் அது முதலாவது பிள்ளையோ, ரண்டாவதோ..." பிறகு மெல்லச் சொன்னார். "உங்களுக்கு எது வேணுமோ சொல்லுங்கோ, தம்பி, நான் அப்பிடியே சொல்லுறன். உங்கடை மச்சான் அண்டைக்கு எனக்குத் தேத்தண்ணி வைச்சுத் தந்தவர்."

எனக்கு வேண்டியதைச் சொல்ல அவரும் தயாராக இருந்தார், தங்கையும் தயாராக இருந்தாள். நானும் ஒரு பகல் முழுவதும் தயாராக இருந்தேன். ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருக்கும் சட்டத்தரணியின் அலுவலகத்தில், பேனை கையில் இருந்தபோது, மச்சானின் கையெழுத்து முன்னால் இருந்தது. நகலெடுப்பதற்காகக் கொண்டுபோயிருந்தேன். 'நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன்.' அவருக்குத் தெரியும். காணாமல் போன ஒரு மனிதரிடம் உண்மையான மணியும் நிமிடமும் இருக்கும்போது, அவர் பெயரால் இன்னொன்றைச் சத்தியம் செய்ய என் கை போகவில்லை. அவர் வந்து நின்று, "மச்சான், நான் அப்படி எழுதவில்லையே" என்று சொல்வார் போல இருந்தது. அவருக்கு நாங்கள் திவசம் செய்வதில்லை. செய்வதற்குத் திகதி இல்லை.

திங்கட்கிழமை சூரிய அஸ்தமனத்துக்கும் செவ்வாய்க்கிழமை சூரிய உதயத்துக்கும் இடையில் பிறந்தாள் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

சட்டத்தரணி இளம் பெண், மூன்று தடவை வாசித்தார். "அங்கிள், இது உண்மைதான். ஆனா இதால ஒண்டும் மாறாது."

மாறவில்லை. இரண்டு கிழமை முடிந்தது. தங்கை என்னோடு பேசினாள், ஆனால் 'அண்ணை' என்று கூப்பிடாமல் பேசினாள். அது ஒன்றரை மாதம் நீடித்தது. தொடங்கிய நாளும் முடிந்த நாளும் என்னிடம் இருக்கின்றன.

ஜனவரியில் அந்தப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தை மத்தியானம் தொலைக்காட்சியில் காட்டினார்கள். சிவப்புச் சட்டையில், வலைக்கு முன்னால் வேறொரு பிள்ளை நின்றது. தேசிய கீதம் தொடங்கியது. மருமகள் சோபாவில் காலை மடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரு இடத்தில் அவள் இடது கை, கையுறை இல்லாமலே, ஒரு கணம் முந்தி எழுந்தது. திரையில் அந்தப் பிள்ளையின் கை எழவில்லை. பந்து வலைக்குள் போனது. அவள் தன் கையைப் பார்த்துவிட்டு மடியில் வைத்தாள்.

ஆட்டம் முடிந்ததும், "அப்பான்ரை லெட்டரைப் பாக்கலாமா?" என்றாள். அதுவரை ஒருநாளும் கேட்டதில்லை. பிளாஸ்டிக் உறையோடு கொடுத்தேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த தமிழ்தான். எழுத்தெழுத்தாகக் கூட்டி, விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். கடைசி வரிக்கு வர ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். தங்கை குசினி வாசலில் நின்றாள்.

"அடுத்த லெட்டரிலை எழுதுறன் எண்டிருக்கு. அது எங்கை?"

நானும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இத்தனை நாளாக நேரத்தைத் தேடினோம். கடிதத்தைத் தேட வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

"வரேல்லை" என்றேன்.

"வரேல்லையா, இல்லாட்டி நீங்கள் அங்கை இல்லையா?"

என் குறிப்புகளைப் பார்த்தேன். முதல் கடிதம் கிடைத்து ஏழு கிழமையில் பார்க்டேலை விட்டு வெளியேறியிருக்கிறேன். கடிதங்களைப் புதிய முகவரிக்குத் திருப்பும் ஏற்பாடு ஆறு மாதத்துக்கு. அதற்குப் பிறகு வந்தது எதுவும் என்னிடம் வந்திராது. மச்சானுக்குப் புதிய முகவரியை அனுப்பினேன். அது அவர் கையில் கிடைத்ததாகப் பதில் வரவில்லை. மறு சனிக்கிழமை மூவரும் பழைய கட்டிடத்துக்குப் போனோம். என் பெயர் இருந்த தபால் பெட்டியில் வேறு பெயர். பராமரிப்பாளர் மாறி நான்காவது ஆள். கீழ்த்தளத்தில் பழைய தபால்கள் கிடந்த ஒரு பெட்டி இருந்ததென்றும், தண்ணீர் புகுந்த வருடம் அள்ளிக் கொட்டியதாகக் கேள்வி என்றும் சொன்னார். அவர் நேரில் கண்டவர் அல்ல. மருமகள் அந்தத் தபால் பெட்டியின் முன்னால், வலைக்கு முன் நிற்பதைப் போலச் சற்றுக் குனிந்து, சிறிது நேரம் நின்றாள்.

தங்கை சொல்கிறாள், மச்சான் ஒரு மாலை பெட்டி ஒன்றின் மேல் தாளை வைத்து அண்ணைக்கு எழுதுகிறேன் என்று எழுதிக்கொண்டிருந்தார் என்று. பிள்ளைக்கு அப்போது மூன்று மாதம். தாளை மடித்ததைக் கண்டாள். யாரிடம் கொடுத்தார் என்று தெரியாது. அதுதான் அந்த அடுத்த கடிதமா, அது வன்னியை விட்டு வெளியே வந்ததா, பார்க்டேல் வரை வந்ததா, அதில் நேரம் எழுதப்பட்டிருந்ததா என்பது இதை எழுதும் நாள் வரை உறுதி செய்யப்படவில்லை.